குளத்தைத் தாண்டி அடிப்பதா, முன்னால் நிறுத்துவதா?



இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். விஷயம் கோல்ஃப். "சாருக்கு என்ன ஆச்சு, அமிர்தியில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃப் பற்றி எழுதுகிறார்" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். அமிர்தியில் அருவி உண்டு, சின்ன மிருகக்காட்சி சாலை உண்டு, ஜவ்வாது மலைக் காடு உண்டு. கோல்ஃப் மைதானம் கிடையாது. நான் அந்த மட்டையைக் கையால் தொட்டதும் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளையோடு டிவியில் பார்க்க ஆரம்பித்தேன், பிடித்துக்கொண்டது. காலமெல்லாம் கணக்குப் பாடம் எடுத்தவனுக்கு அதில் பிடித்தது பச்சைப் புல்தரை இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் ஆட்டக்காரன் நின்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறானே, அதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரைத் தாண்டி அடிப்பதோ, தண்ணீருக்கு முன்னால் நிறுத்துவதோ தைரியத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. அது கூட்டல் கழித்தல். பந்து கடைசியில் எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு, "நீ எடுத்த முடிவு தப்பு" என்று தீர்ப்புச் சொல்வது, விடைத்தாளைத் திருத்தாமல் மார்க் போடுவது மாதிரி.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பார்-5 என்றால் நல்ல ஆட்டக்காரர் ஐந்து ஷாட்டில் பந்தைக் குழியில் போட வேண்டும். நாலில் போட்டால் பேர்டி, மூன்றில் போட்டால் ஈகிள், ஆறு ஆனால் போகி. குழி இருக்கிற வழுவழுப்பான புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். பல பார்-5களில் கிரீனுக்கு முன்னால் ஒரு குளமோ ஓடையோ வைத்திருப்பார்கள். முதல் ஷாட் நன்றாகப் போய்விட்டது, பந்து நல்ல புல்லில் கிடக்கிறது. இப்போது கேள்வி. இரண்டாவது ஷாட்டிலேயே தண்ணீரைத் தாண்டிக் கிரீனில் போடலாமா? இல்லை, தண்ணீருக்கு இப்பால் மெதுவாகத் தட்டி நிறுத்திவிட்டு, மூன்றாவது ஷாட்டில் பக்கத்திலிருந்து தூக்கிப் போடலாமா? இந்த இரண்டாவது வழிக்கு 'லே-அப்' என்று பெயர். தண்ணீரில் விழுந்தால் ஒரு ஷாட் அபராதம், மறுபடி இப்பாலிருந்தே அடிக்க வேண்டும்.

நம் கிட்டிப்புள்ளில் இது உண்டு. புள் விழுந்த தூரத்துக்கு இத்தனை கோல் என்று நாமே கேட்க வேண்டும். எதிராளி கிட்டிக்கோலால் அளந்து பார்ப்பான். குறைத்துக் கேட்டால் கேட்டது கிடைக்கும். ஆசைப்பட்டுக் கூட்டிக் கேட்டு, அளவு பத்தாமல் போனால் ஆட்டமே போச்சு. நாங்கள் ஆடிய வழக்கம் அது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஆம்பூரில் என்னிடம் படித்த ஒருவன், இப்போது பெங்களூரில் ஷூ ஏற்றுமதியில் பெரிய பொறுப்பில் இருப்பவன், போன வாரம் ஒரு மணி நேரம் போனில் பேசினான். அவனுடைய பையனுக்குப் பதினாலு வயது. சிறுவர்களுக்கான ஒரு போட்டியில் கடைசிக் குழிக்கு வரும்போது பையன் இன்னொருவனோடு சமமாக முதலிடத்தில் இருந்திருக்கிறான். பார்-5. கிரீனுக்கு 190 கஜம், முன்னால் குளம். பையன் லே-அப் செய்தான். அறுபது கஜத்தில் நிறுத்தியும் விட்டான். ஆனால் மூன்றாவது ஷாட்டைச் சொதப்பி மணல் குழியில் போட்டு, ஆறு எடுத்து, ஒரு ஷாட்டில் கோப்பையை விட்டுவிட்டான். அப்பா எல்லோர் எதிரிலும் "பயந்தாங்கொள்ளி" என்று திட்டியிருக்கிறார். பையன் அன்றிலிருந்து மட்டைப் பையைத் தொடவில்லை. "நீங்களாவது சொல்லுங்க சார், அவன் அடிச்சிருக்கணுமா இல்லையா?" என்று கேட்டான். பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, அந்த தூரத்தில் பயிற்சியில் பத்துப் பந்து அடித்தால் எத்தனை தண்ணீரில் விழும்?" யோசிக்காமல் சொன்னான், "நாலு, தாத்தா." விடையை வைத்துக்கொண்டுதான் நிறுத்தியிருக்கிறான். அவன் அப்பாவுக்குத்தான் அது தெரியவில்லை.

இனி கரும்பலகை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்க் பிராடி என்று ஒரு பேராசிரியர். அங்கே பி.ஜி.ஏ. டூர் போட்டிகளில் ஒவ்வொரு ஷாட்டையும் கருவி வைத்து அளந்து பதிவு செய்கிறார்கள். அந்தக் குவியலை எடுத்து, எந்த தூரத்திலிருந்து குழிக்குள் போட சராசரியாக எத்தனை ஷாட் ஆகிறது என்று கணக்கிட்டு, 2014-இல் புத்தகமாகவும் போட்டார். நல்ல புல்லில், அதாவது ஃபேர்வேயில், 240 கஜத்திலிருந்து 3.45. நூறு கஜத்திலிருந்து 2.80. எண்பதிலிருந்து 2.75. அறுபதிலிருந்து 2.70. நாற்பதிலிருந்து 2.60. இதெல்லாம் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் சராசரி.

240 கஜத்தில் நிற்கிறீர்கள். எண்பது கஜத்துக்கு லே-அப் செய்தால், அதற்கு ஒரு ஷாட், அங்கிருந்து 2.75, ஆக 3.75. தாண்டி அடித்தால்? தப்பித்த பந்து கிரீன் மேலோ பக்கத்திலோ கிடக்கும். அதற்கு மொத்தம் 3.3 என்று நான் வைத்துக்கொள்கிறேன். விழுந்த பந்துக்கு அடித்தது ஒன்று, அபராதம் ஒன்று, அறுபது கஜத்திலிருந்து மறுபடி 2.70, ஆக 4.7. இப்போது பத்துப் பந்து அடிப்பதாக வையுங்கள். எல்லாவற்றையும் லே-அப் செய்தால் 37.5. பத்தில் மூன்று தண்ணீரில் விழுந்தால், ஏழு முறை 3.3, அது 23.1, மூன்று முறை 4.7, அது 14.1, கூட்டினால் 37.2. இது கொஞ்சம் குறைவு, அதனால் அடிக்கலாம். பத்தில் நாலு விழுந்தால் 19.8-உம் 18.8-உம் 38.6. இப்போது நிறுத்துவதுதான் சரி. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கோடு விழுகிறது.

டிவியில் பார்க்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது இதுதான். பத்தில் மூன்று பந்து தண்ணீருக்குப் போனாலும்கூட அடிப்பது நஷ்டமில்லை. நாம் சாதாரணமாக நினைப்பதைவிட அடிக்கிற பக்கத்தில்தான் கணக்கு சாய்ந்திருக்கிறது. "எதற்கு வம்பு" என்று நிறுத்துகிறவர்கள் பல தடவை சும்மா ஷாட்டை வீணாக்குகிறார்கள். ஆனால் பையனுடைய எண் மூன்று இல்லை, நாலு. அவனுடைய சராசரிகள் வேறாக இருக்கும், பெரியவர்களுடைய 2.70 அவனுக்கு மூன்றுக்கு மேலேகூடப் போகலாம். லே-அப்புக்குப் பிறகும், தண்ணீரில் விழுந்து மறுபடி அடிக்கும்போதும், இரண்டு பக்கத்திலும் அது கூடும். தண்ணீர்ப் பக்கத்தில் அபராதம் தனி. அந்த இடத்தில் அவன் போட்ட கணக்கில் நான் சிவப்பு மை வைக்க மாட்டேன்.

இன்னொரு விஷயமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "எனக்கு நூறு கஜம்தான் ராசியான தூரம், அங்கேதான் நிறுத்துவேன்" என்று பல ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். நாற்பது கஜத்தில், உயரமான கரடுமுரடான புல்லில் பந்து கிடந்தால் சராசரி 2.78. நூறு கஜத்தில் நல்ல புல்லில் கிடந்தால் 2.80. அதாவது அறுபது கஜம் கிட்டே போனவனுக்குக் கெட்ட புல் கிடைத்தாலும், எட்ட நின்று நல்ல புல்லில் இருப்பவனைவிட அவன் ஒரு மயிரிழை மேலே. ராசி என்பதெல்லாம் பேச்சு. நிறுத்துவது என்றால் ஆபத்தில்லாத மட்டும் கிட்டே போய் நிறுத்த வேண்டும். அதே சமயம், நன்றாகப் பட்டுவிட்டால்கூட தண்ணீரை எட்டாத மட்டையை எடுக்க வேண்டும். நிறுத்தப் போய்க் குளத்தில் விழுந்தவனைப் பார்த்தால் எனக்கே அழுகை வரும்.

இதுவரை சொன்னது சராசரிக் கணக்கு. சராசரி எல்லா நேரத்திலும் போதாது. "உனக்கு இப்போது எத்தனை தேவை?" என்பது இன்னொரு கேள்வி.

1999 ஜூலை. ஸ்காட்லாந்தில் கார்னூஸ்டி மைதானம், பிரிட்டிஷ் ஓபன். பிரான்ஸைச் சேர்ந்த ழான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று ஷாட் முன்னிலையில் வருகிறார். அது பார்-4. ஆறு எடுத்தாலும் கோப்பை அவருக்கு. முதல் ஷாட்டைப் பெரிய மட்டையால் அடித்தார், வலப்பக்கம் எங்கோ போனது, ஆனால் ஓடையில் விழாமல் தப்பியது. இனி ஐந்து ஷாட் கையில். சின்ன மட்டையால் தட்டித் தட்டிப் போனாலே போதும். அவர் கிரீனுக்கே அடித்தார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, ஓடையின் கல்சுவரில் பட்டுத் துள்ளி, முழங்கால் உயரப் புல்லில் விழுந்தது. அங்கிருந்து அடித்ததில் ஓடைக்குள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்று பந்தைப் பார்த்தார். மனிதர் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறகு மனசு மாறி அபராதம் ஏற்றுக்கொண்டார், அடுத்தது மணல் குழி, கடைசியில் ஏழு. மூன்று பேர் சமம் ஆகி, கூடுதல் ஆட்டத்தில் பால் லாரி ஜெயித்தார்.

அந்தக் கம்பி மேல் பழி போடுபவர்கள் உண்டு. பந்து மேடைக்குள்ளேயே தங்கியிருந்தால் அபராதமில்லாமல் வெளியே வைத்து அடித்திருப்பார், துரதிர்ஷ்டம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு அப்போது நாலு எடுத்தாலும் ஆறு எடுத்தாலும் ஒரே கோப்பை. கூடுதலாகக் கிடைப்பது பூஜ்யம், போகக்கூடியது எல்லாமும். பந்து நேராகக் கிரீனில் போய் விழுந்து அவர் ஜெயித்திருந்தாலும் அந்த இரண்டாவது ஷாட் தப்பான விடைதான்.

இதற்கு நேர் எதிர், 1993 மாஸ்டர்ஸ். பதினைந்தாவது குழி, பார்-5, கிரீனுக்கு முன்னால் குளம். சிப் பெக் மூன்று ஷாட் பின்னால் இருக்கிறார், அதையும் சேர்த்து நாலே குழி பாக்கி. அவர் லே-அப் செய்தார். பெர்ன்ஹார்ட் லாங்கர் நாலு ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். பெக்குக்கு வேண்டியது ஈகிள். நிறுத்தினால் அது ஏறக்குறைய இல்லை. பின்தங்கி இருப்பவனுக்கு ஆபத்துதான் மலிவு. சராசரிப்படி நிறுத்துவது சரியாக இருந்தாலும்கூட அங்கே அடித்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அமெரிக்கர்கள் அவரை வருஷக்கணக்கில் கேலி செய்தார்கள். கேலி வேண்டாம், கணக்கு மட்டும் போதும்.

பையனுடைய நிலை இந்த இரண்டும் இல்லை. சமமாக இருந்தான். அங்கே சராசரிதான் பேச வேண்டும்.

விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்றேனே, அதற்கு 2025 மாஸ்டர்ஸ் கடைசி நாளைவிட நல்ல சாட்சி இல்லை. ரோரி மெக்கில்ராய் முன்னிலையில் இருக்கிறார். பதின்மூன்றாவது குழியில் சமர்த்தாக லே-அப் செய்தார். அங்கிருந்து கிரீனுக்கு நூறு கஜம்கூட இல்லை. அந்தச் சின்ன ஷாட்டை ஓடையில் போட்டு ஏழு எடுத்தார். பதினைந்தாவதில் முன்னிலை பறிபோகிற நிலைமை, 200 கஜத்துக்கு மேல், வழியில் மரம், முன்னால் குளம். வளைத்து அடித்தார். பந்து குழிக்கு ஆறடியில் போய் நின்றது. கூடுதல் ஆட்டத்தில் ஜஸ்டின் ரோஸை ஜெயித்தார். அப்படியானால் நிறுத்தியது முட்டாள்தனம், அடித்தது மேதாவித்தனமா? பதின்மூன்றில் முடிவில் குறையில்லை, மூன்றாவது ஷாட்டில்தான் குறை. ஆம்பூர்ப் பையனுக்கு நடந்ததும் அச்சாக அதுவே. உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரருக்கே நடந்தது என்று அவனிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "அந்த வீடியோ அனுப்புங்க தாத்தா" என்றான்.

தூரம் அடிக்க முடியாதவர்கள் கதை தனி. ஜாக் ஜான்சன் 2007-இல் மாஸ்டர்ஸ் ஜெயித்தபோது நாலு நாளில் பதினாறு பார்-5 ஆடினார். ஒன்றில்கூட இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்கு அடிக்கவில்லை. பதினாறும் லே-அப். அந்தப் பதினாறில் பதினொரு பேர்டி. குளிரும் காற்றுமாக இருந்த அந்த வாரத்தில் டைகர் வுட்ஸ் இரண்டு ஷாட் பின்னால் நின்றார்.

நம் பக்கத்து ஆள் என்றால் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. விடியற்காலையில் எழுந்து கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத நம் ஆட்களெல்லாம் டிவி முன் உட்கார்ந்திருந்தார்கள். உலக வரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்த பெண், மூன்று நாள் முடிவில் தனியாக இரண்டாம் இடம். அம்மாதான் கேடி. (நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டுவார்கள். இங்கே மட்டைப் பையைச் சுமந்துகொண்டு யோசனை சொல்பவர்.) அந்த வருடம் கொரோனா வந்து போனதில் அவருடைய அடியில் தூரம் இன்னும் குறைந்திருந்தது. தூரத்தில் ஏறக்குறைய கடைசி வரிசை, கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடுவதில் முதல் வரிசை. நெல்லி கோர்டா 17 குறைவு, மோனே இனாமியும் லிடியா கோவும் 16, அதிதி 15. ஒரே ஒரு ஷாட்டில் பதக்கம் போனது. அன்று சாயந்திரமே நீரஜ் சோப்ரா தங்கம் வாங்க, ஊரே காலையில் நடந்ததை மறந்துவிட்டது. எனக்கு அதிதி ஆடியதுதான் இன்றும் பெரிது. இரண்டாவது ஷாட்டில் எட்டாது என்று தெரிந்த பிறகு, மூன்றாவது ஷாட்டையும் நாலாவது ஷாட்டையும் தீட்டி வைத்திருக்கிறார் அந்தப் பெண்.

சின்ன ஷாட் இருந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே பிராடியின் கணக்குப்படி, மேல்வரிசை ஆட்டக்காரர்களைப் பிரித்துக் காட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்து ஷாட்களுக்குத்தான். ஆனால் பதினாலு வயதுப் பையனுக்குத் தோள் விரிய விரிய தூரம் தானே வரும். அறுபது கஜத்து ஷாட் தானே வராது.

ஒரு சொந்தம் கேட்டிருந்தார்கள், "சித்தப்பா, பணக்காரன் விளையாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை" என்று. பணம் செலவாகிற விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் 2009-இல் இந்தியன் ஓபன் ஜெயித்த சி. முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். 2016-இலும் 2017-இலும் அதையே ஜெயித்த எஸ்.எஸ்.பி. சௌரஸியாவின் அப்பா கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவர். சௌரஸியாவும் தூரம் அடிக்கிறவர் இல்லை. சின்ன ஷாட்டுக்காகவே அவருக்குச் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம், நல்ல கோல்ஃப் கையுறை மெல்லிய ஆட்டுத்தோல். அதைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்ல நம் ஆம்பூர், பேரணாம்பட்டு ஆட்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆம்பூர்த் தம்பிக்கு இனி. வெளிநாட்டு ஆர்டர் வருகிறது. டெலிவரி தேதி இறுக்கம். தேதி தவறினால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பி லாபத்தைத் தொலைக்க வேண்டும். தோல் எப்போது வரும், எத்தனை ஜோடி ஒரு நாளைக்கு ஓடும் என்று கணக்குப் பார்க்காமல் நீ கையெழுத்துப் போடுவாயா? ஆர்டர் வேண்டாம் என்று நீ சொன்ன நாளில் உன் முதலாளி உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றாரா?

நீ அவனுக்குப் புது டிரைவர் மட்டை வாங்கித் தரப்போவதாகச் சொன்னாய். அது அடுத்த வருடம் ஆகட்டும். இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடு. வாரம் இரண்டு நாள் நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது கஜத்திலிருந்து பத்துப் பத்துப் பந்து அடித்து, எத்தனை ஷாட்டில் குழிக்குள் போனது என்று எழுதட்டும். அதே பக்கத்தில் 190 கஜத்துக்கும் பத்துப் பந்து, எத்தனை தாண்டியது, எத்தனை தாண்டவில்லை. நன்றாகப் பட்ட பந்துகளை மட்டும் எழுதக் கூடாது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். மூன்று மாதத்தில் அவன் நோட்டில் அவனுடைய எண்கள் இருக்கும், அமெரிக்கப் பேராசிரியருடையவை வேண்டியதில்லை. நோட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், கூட்டிச் சரிபார்த்துத் தருகிறேன்.

அந்தப் போட்டி அடுத்த வருடமும் அதே மைதானத்தில் என்றாய். கடைசிக் குழியும் அதே குளமும் அங்கேயேதான் இருக்கும். பத்தில் இரண்டுதான் தண்ணீருக்குப் போகிறது என்று நோட்டு சொன்னால் அடிக்கட்டும். நாலு என்றே சொன்னால் மறுபடியும் நிறுத்தட்டும். எந்த மட்டை என்பதை அவனே எடுக்கட்டும். நீ கயிற்றுக்கு வெளியே நின்று, அவன் ஆடி முடித்ததும் தண்ணீர் பாட்டிலைக் கொடு.